நாலுமடியும் முப்பத்தெட்டாம் பக்கமும்

முதல் மடிப்பில் முதல் அடி. விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து, எதிரே நிற்பவரைப் பார்த்து ஓர் உதறு உதறி, துணிக்குள் புகுந்த காற்று அடங்குவதற்குள் அடியை முணுமுணுத்துவிடுகிறார். இரண்டாம் மடிப்பில் இரண்டாம் அடி. பிறகு விரிப்போடு எதிரே நடக்கிறார். நடக்கிற அந்த நாலு எட்டுக்குள் மூன்றாவது அடி கிடைத்தாக வேண்டும். முனைகளை எதிரிலிருப்பவர் கையில் ஒப்படைத்து, குனிந்து, தொங்கும் பாதியை அள்ளி மேலே சேர்க்கும்போது நாலாவது. விரிப்பு அடுக்குக்குப் போகிறது. கவிதை அவர் மண்டைக்குள் போகிறது.

ஆயிரத்து இருநூறு படுக்கைகள் கொண்ட ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், மூன்றாம் மேசையில் அவருக்கு வேலை. பதின்மூன்று வருடமாக அதே மேசை. அவர் இதுவரை மடித்த விரிப்புகளை முனையோடு முனை தைத்தால் இந்த வெளிநாட்டு நகரத்திலிருந்து அவருடைய ஊர்வரைக்கும் போர்த்தி, கால்மாட்டில் கொஞ்சம் செருகிவிடவும் மிஞ்சும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் பயன்படுகிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் ‘நாலுமடி’. மூன்று புத்தகங்களின் அட்டையிலும் அந்தப் பெயர்தான்.

கவிஞர் என்றால் சட்டைப் பையில் பேனா இருக்கும் என்று நினைப்பவர்கள் சலவைக்கூடத்து விதியைப் படித்ததில்லை. வாசலிலேயே பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். வெகுகாலத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் மறந்துபோய் ஒரு பேனாவைத் துணியோடு துணியாக இயந்திரத்துக்குள் விட்டுவிட்டாராம். நானூறு விரிப்புகள் நீலமாக வெளியே வந்தனவாம். மாற்று விரிப்பு வரும்வரை ஒரு வாரம் நோயாளிகள் அத்தனை பேரும் ஆகாயத்தில் படுத்திருந்தார்கள் என்று சொல்கிறார்கள். சிலர் அதிலேயே குணமாகிவிட்டதாகவும் சொல்கிறார்கள். அதெப்படியோ, அன்றிலிருந்து பேனாவுக்கு உள்ளே இடமில்லை. பென்சிலுக்கும் இல்லை. செல்போன் பெட்டகத்தில் பூட்டிவைக்கப்படும். தேநீர் இடைவேளையில் மட்டும் எடுக்கலாம்.

விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவர் அவரைவிட ஆறு வயது மூத்த ஒரு பெண்மணி. கூடத்தில் அவருக்கு ‘எதிர்முனை அம்மா’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவர். இருந்தாலும் நாலுமடியின் கவிதைகளுக்கு உலகத்திலேயே முதல் வாசகர், முதல் விமர்சகர் இரண்டும் அவர்தான். அடி பிடித்திருந்தால் தன் முனையை இறுக்கிப் பிடிப்பார். பிடிக்கவில்லை என்றால் கையைத் தளர்த்திவிடுவார். விரிப்பு நடுவில் தொட்டிலாகத் தொங்கும்.

“இது மடிப்பு விழல, கவிஞரே” என்பார்.

“ஏம்மா, என்ன குறை?”

“குறைன்னு சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் இங்க துணி மடிக்கிறேன். சும்மா கையில நிக்கல, அவ்வளவுதான். அடுத்ததைச் சொல்லுங்க.”

அடுத்ததைச் சொல்வார். அடுத்த விரிப்பு காத்திருக்கும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்புகள், அறுநூறு சந்தர்ப்பங்கள். உலகத்தில் வேறு எந்தக் கவிஞருக்கும் இவ்வளவு திருத்தப் பிரதிகள் கிடைப்பதில்லை. நாள் முழுக்கத் தேறுவது ஒன்று. சில நாட்களில் அதுவும் இல்லை.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அவர் கவிதை எழுதுவதற்காக ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. முதல் மூன்று வருடம் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு மூட்டை இறக்கினார். மாலையில் கண்ணாடியில் பார்த்தால் வயதான ஒரு உறவினர் நிற்பது போலிருக்குமாம். அடுத்த மூன்று வருடம் மீனை உறையவைக்கும் குளிர்க்கிடங்கு. அங்கே வாயைத் திறந்தால் புகை வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. சலவைக்கூடத்தின் ஆவிச் சூட்டுக்கு வந்த முதல் வாரத்தில்தான், உறைந்து கிடந்ததெல்லாம் இளகினாற்போல, நாலு மடிப்புக்கு நாலு அடியாகக் கொட்ட ஆரம்பித்தது. அதுவரை ஒரு வாழ்த்து மடல்கூட எழுதியிராத மனிதர். தனக்கு ஏதோ காய்ச்சல் என்று பயந்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார்.

மண்டைக்குள் சேர்வதை வெளியே எடுக்க ஒரு வழி வேண்டுமே. அதற்கு அவருடைய அக்கா வாய்த்தார். ஊரில் நீதிமன்றத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். சாட்சி தும்மினால் தும்மலையும் குறித்துக்கொள்ளும் ரகம். கொலைகாரன், கொலையைப் பார்த்தவன், பார்க்காமலேயே பார்த்ததாகச் சொன்னவன், எல்லாரையும் ஒரே முகத்தோடு எழுதித் தள்ளியவர். தம்பி கவிதை சொல்லப்போகிறான் என்றதும் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“எது கவிதை, எது ஊர்க்கதைன்னு தரம் பிரிக்கிற வேலை எனக்கு வேண்டாம். ‘எழுதிக்கோ’ன்னு சொல்லு, ஆரம்பிக்கிறேன். ‘அவ்வளவுதான்’னு சொல்லு, நிறுத்துறேன். நடுவுல என்ன சொல்றியோ அது அப்படியே பேப்பர்ல இருக்கும். நீ மூச்சு விடுற இடத்துல அடுத்த வரி. அப்புறம் நான் அப்படிச் சொல்லல, இப்படிச் சொன்னேன்னு வந்து நிக்கக் கூடாது.”

அன்றிலிருந்து இதுதான் நடைமுறை. தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம். சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஆவிக்குழாய் ஓடும் சுவரோரம் போய் நின்று, குரல் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்புவார். “எழுதிக்கோ” என்பார். நாலு அடி. “அவ்வளவுதான்” என்பார். அதன்பிறகுதான் அக்காவின் முழங்கால் வலி, தண்ணீர் வராத குழாய் எல்லாம் விசாரிப்பார். ஐம்பது, அறுபது கவிதைகள் சேர்ந்ததும் அக்கா தட்டச்சு செய்து பதிப்பாளருக்கு அனுப்பிவிடுவார்.

நாலுமடி அச்சுக்குப் போகும் பிரதியைப் பார்க்கமாட்டார். திருத்தமும் பார்க்கமாட்டார். அடுக்கில் வைத்த விரிப்பை யாரும் திரும்பப் பிரித்து மடிப்பதில்லை என்பது அவர் வாதம். பிரித்தால் ஓரம் கசங்கும், மறுபடி அந்த மடிப்பு வராது. சலவைக்கூடத்தில் இது நல்ல விதி. பதிப்புத் தொழிலில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவர் மூன்றாவது புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டார்.

பதிப்பாளர் ஒற்றை அறையில், ஒற்றை மேசையில் புத்தகம் போடுகிறவர். நாலுமடியின் முதல் தொகுப்பை முந்நூறு பிரதி அடித்தார். அதில் பாதி இன்னும் அவருடைய கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கட்டிலின் ஒரு கால் உடைந்தபோது அதை முட்டுக்கொடுக்கவும் ஒரு கட்டு உதவியது. இரண்டாவது தொகுப்புக்கு ஒரு பத்திரிகையில் நாலு வரி மதிப்புரை வந்தது. ‘சுத்தமான கவிதைகள்’ என்று எழுதியிருந்தார்கள். அது பாராட்டா, தொழிலைச் சொல்லிக் கிண்டலா என்று மூன்றாம் மேசையில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. எதிர்முனை அம்மா கிண்டல் என்றே தீர்மானித்தார்.

உண்மையான மதிப்புரை மனைவியிடமிருந்து வரும். அவர் ஒரு மருந்துக்கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவருக்குக் கணவரின் அச்சடித்த கவிதை ஒன்றும் பெரிய காரியமில்லை. புத்தகம் வந்தால் பதிப்பாளரிடம் நேரில் போய் முதல் பிரதியை வாங்கிவிடுவார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கவுண்டரில் நின்றபடியே படிப்பார். படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் வரிசையாகப் பக்க எண் சொல்லித் தப்பு சொல்வார். முதல் புத்தகத்துக்கு அவருடைய முழு மதிப்புரை இது:

“இருபத்தி மூணாம் பக்கத்துல நிலா காய்ச்சல் மாதிரி சுடுதுன்னு போட்டிருக்கீங்க. காய்ச்சல்ல கை கால் சில்லுனுதான் இருக்கும். மத்ததெல்லாம் பரவாயில்ல.”

அவர் வெளிநாடு கிளம்பிய அன்று விமான நிலையத்து வாசலில் மனைவி அழவில்லை. தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார், கடைக்கு வந்திறங்கிய மருந்துப் பெட்டியைச் சரிபார்ப்பது போல. “எல்லாம் சரிபார்த்துத்தான் அனுப்புறேன். குறையில்லாமத் திரும்பி வந்து சேரணும். உடைஞ்சது, நசுங்கினதெல்லாம் நான் வாங்கிக்க மாட்டேன்” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். அந்தச் சிரிப்பு பதினேழு வருடம்தான் தாங்கியது.

நடந்தது இதுதான். மேசைக்குப் பக்கத்தில் விரிப்பைத் தேய்த்துத் தள்ளும் உருளை இயந்திரம் ஒன்று இருக்கிறது. எல்லாரும் ரோலர் என்பார்கள். அதில் துணியைச் செருகும் ஆள் அன்று வரவில்லை. அரை நாள் நாலுமடியை அங்கே நிற்கச் சொன்னார்கள். துணியின் ஓரத்தை நீவி உள்ளே விட வேண்டும். விரல் தடுப்புக்கம்பியைத் தாண்டக் கூடாது. எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் காலையிலிருந்து மூன்று அடியோடு ஒரு கவிதை நின்றுபோயிருந்தது. நாலாவது அடி எங்கோ பக்கத்தில்தான் இருக்கிறது என்று அவர் கண்ணை ஒரு கணம் கூரைக்கு உயர்த்தினார். அடி அங்கே இல்லை. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டாம் கணுவோடு போயின.

அதே ஆஸ்பத்திரியில், நாலாவது மாடியில்தான் கட்டுப்போட்டுப் படுக்கவைத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தவர் முதலில் பார்த்தது கட்டுப்போட்ட கையை இல்லை. தனக்கு விரித்திருந்த விரிப்பின் மடிப்புத் தடத்தை. ஓரத்தில் ஒரு விரலகலம் உள்வாங்கி மடிப்பது கூடம் முழுக்க அவர் ஒருவர்தான். சொந்த மடிப்பிலேயே படுத்திருக்கிறார்.

கவிஞருக்கு வேறென்ன வேண்டும். எதிர்முனை அம்மா பெட்டகத்திலிருந்து எடுத்துவந்து வைத்திருந்த போனை வலது கையால் எடுத்தார். ஊசி மருந்தின் கிறக்கத்தில் அக்காவுக்குப் பதிவு செய்தார். “எழுதிக்கோ” என்றார். மூன்று அடி வந்தது. நாலாவது அங்கேயும் வரவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் ஓடியது. பிறகு, கவிதையை விட்டுவிட்டு அக்காவிடம் சேதியைச் சொன்னார். யாரிடமும், முக்கியமாக மனைவியிடம், சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். பதிவை அனுப்பிவிட்டு அப்படியே தூங்கிப்போனார். இத்தனை வருடத்தில் முதன்முறையாக “அவ்வளவுதான்” சொல்ல மறந்துபோனார்.

அக்கா வாக்குக் கொடுத்தார், காப்பாற்றவும் செய்தார். ஒரு வார்த்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். மூன்று விரலும் உள்ளங்கையுமாக மறுபடி விரிப்பு பிடிக்கப் பழகினார். எதிர்முனை அம்மா ஒரு மாதம்வரை தன் பக்கத்தை அதிகம் இழுக்காமல் பார்த்துக்கொண்டார். அதைப் பற்றிப் பேச்செடுக்கவும் இல்லை. ஒரு நாள் வழக்கம்போல வெடுக்கென்று இழுத்தார். அன்றைக்குத்தான் நாலுமடிக்குத் தான் தேறிவிட்டோம் என்று தெரிந்தது.

தேறாதது ஞாயிற்றுக்கிழமை. வீடியோ அழைப்பு என்றால் முகம் மட்டுமா தெரிகிறது, கையும் தெரிகிறதே. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். போனை இடது கையில் பிடித்துக்கொள்வார். திரைக்குப் பின்னால் இருக்கும் கையைத் திரை காட்டாதல்லவா? வலது கையால் தலையைச் சொறிவார், தேநீர் குடிப்பார், ஆட்டி ஆட்டிப் பேசுவார். முன்பெல்லாம் போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுச் சமைத்துக்கொண்டே பேசுகிறவர், இப்போது அரை மணி நேரம் அதை ஏந்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மனைவி ஒரு முறை, “என்னங்க, போன் சூடாகலையா?” என்று கேட்டார். “எனக்கு உன்னைக் கையில ஏந்திக்கிட்டுப் பேசினாத்தான் திருப்தி” என்றார் இவர். கல்யாணமான இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வசனம் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. மனைவிக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

ஏந்தும் வித்தை ஞாயிறுக்குச் சரி, விடுமுறைக்குச் சரிவராதே. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போக ஒரு மாத விடுப்பு உண்டு. கட்டுப் பிரித்த நாலாம் மாதம் போக வேண்டியது. ஆள் குறைவு, விடமாட்டேன் என்கிறார்கள் என்று தள்ளிப்போட்டார். ஐந்து மாதம் கழித்து மறுபடி தள்ளிப்போட்டார். இந்த முறை இயந்திரம் மாற்றுகிறார்கள் என்று காரணம். சலவைக்கூட மேற்பார்வையாளரோ, விடுப்பு எடுக்காமல் இருப்பது கணக்கைக் குழப்புகிறது என்று அவரை வாராவாரம் திட்டிக்கொண்டிருந்தார். உடைந்ததை வாங்கமாட்டேன் என்று விளையாட்டுக்குச் சொன்ன பேச்சு. விளையாட்டு என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வாசலில், அந்த விரல்கள் இல்லாத கையோடு போய் நிற்பதை நினைத்தால் கால் எழவில்லை.

இந்த நிலையில்தான் மூன்றாவது தொகுப்பு வெளிவந்தது. அறுபத்து இரண்டு கவிதைகள். வந்த மூன்றாம் வாரம், பதிப்பாளர் தேநீர் இடைவேளை நேரம் பார்த்து அழைத்தார். குரலில் மனிதருக்குப் பத்து வயது குறைந்திருந்தது. நாலுமடி வேலை பார்க்கும் நகரத்திலேயே இயங்கும் இலக்கிய வட்டம் ஒன்று அந்த வருடப் பரிசைப் புத்தகத்துக்குக் கொடுத்திருக்கிறதாம். கட்டிலுக்கடியில் இனி இடம் காலியாகுமாம்.

“குறிப்பா அந்த முப்பத்தெட்டாம் பக்கம், சார். நடுவர் மூணு பேரும் அதைத்தான் சொன்னாங்க. எப்படி எழுதினீங்க அதை? செந்தமிழ்ல மூணு வரி போயிட்டு, டக்குனு மாடியிலிருந்து குதிச்ச மாதிரி பேச்சுக்கு இறங்குறீங்களே.”

நாலுமடி பேச்சுத்தமிழில் ஒரு கவிதையும் எழுதியதில்லை. நன்றி சொல்லி வைத்தார். அவருக்கு அனுப்பிய பிரதிகள் பிரிக்காத கட்டாகப் பெட்டகத்துக்குள் இருந்தன; கட்டைப் பிரித்து, முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

என் மடிப்பு எனக்கே விரிக்கப்பட்டது.
யாருக்கோ என்று மடித்தேன்.
அந்த யாரோ நான்தான்.

ரெண்டு விரல் போயிருச்சு அக்கா, இடது கையில.
வலியெல்லாம் இல்ல, மருந்து குடுத்திருக்காங்க.
அவகிட்ட மட்டும் சொல்லிடாத.
சொன்னா, மொதல்ல தன்னோட கையைத்தான் பாத்துக்குவா.

ஆவிக்குழாயில் முதுகைச் சாய்த்துவிட்டார். சுட்டது. உறைக்கவில்லை.

உடனே அக்காவை அழைத்தார். நேரடி அழைப்பு, பதிவெல்லாம் இல்லை. என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய் என்றார். அக்கா நிதானமாக, ஒரு நிமிஷம் இரு என்று சொல்லிவிட்டு, தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து, தேதி வாசித்தார். பதிவின் நேரத்தை வாசித்தார். ‘எழுதிக்கோ’ இருக்கிறது, ‘அவ்வளவுதான்’ இல்லை என்றார்.

“அது கவிதை இல்லக்கா. உன்கிட்ட பேசினது.”

“அதைத் தீர்மானிக்கிறது என் வேலை இல்லைன்னு மொத நாளே சொல்லிட்டேன்.”

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினியே.”

“யார்கிட்டடா சொன்னேன்? ஒருத்தர்கிட்டயாவது வாயைத் திறந்திருந்தா கேளு. எழுதினேன். அது நீ சொல்லித்தானே எழுதினேன்.”

முப்பது வருடத்தில் ஓர் எழுத்துப் பிசகாதவர். தும்மலையும் கவிதையையும் பிரிக்கத் தெரியாதவரா? கேட்டுவிடலாம்தான். ஆனால் நீதிமன்றத்தில் எத்தனையோ வக்கீல்கள் அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ கேட்டுத் தோற்றிருக்கிறார்கள். இவர் எந்த மூலைக்கு. புத்தகம் அவள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்று கெஞ்சினார். “புத்தகம் வெளியான அன்னைக்கே உன் பெண்டாட்டி வாங்கிட்டாளாம்” என்றார் அக்கா. “போனை வை. அடுப்புல பால் இருக்கு.”

அந்த ஞாயிறு மனைவி, இன்னும் படித்து முடிக்கவில்லை என்றார். கடையில் கூட்டமாம். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். எண்பது பக்கப் புத்தகம். காய்ச்சல் சீசன் இல்லை. நாலுமடிக்கு மூன்றாம் மேசையில் இரண்டு வாரமாக ஓர் அடிகூட வரவில்லை. அறுநூறு விரிப்புகளையும் ஊமையாக மடித்தார். மூன்றாம் நாளே எதிர்முனை அம்மா பொறுக்காமல், “இதுக்கு நீங்க அந்த மட்டமானதையே சொல்லலாம், கவிஞரே” என்றார்.

பரிசளிப்பு ஒரு சனிக்கிழமை பிற்பகல், நூலகத்தின் மாடி அறையில். நாற்பது நாற்காலி, முப்பது பேர். நாலுமடி இடது கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடியே பரிசு வாங்கினார். அதைக் கவிஞரின் அலட்சியம் என்று எல்லாரும் ரசித்தார்கள். அவரை முப்பத்தெட்டாம் பக்கத்தை வாசிக்கச் சொன்னார்கள். அவர் முப்பத்தொன்பதை வாசித்தார். அது அவர் பதினொரு நாள், ஆறாயிரம் விரிப்புகளுக்கு மேல் இழைத்து இழைத்துச் செய்த கவிதை. மரியாதைக்குக் கை தட்டினார்கள். பிறகு மறுபடி முப்பத்தெட்டைக் கேட்டார்கள். அவர் தயங்கவே, நடுவரில் ஒருவர் தானே எழுந்து, குரல் தழுதழுக்க வாசித்து, விளக்கமும் சொன்னார். இழந்த இரண்டு விரல்களில் ஒன்று தாய்நாடு, மற்றது தாய்மொழி. ‘அவள்’ என்பது வரலாறு.

கடைசி வரிசையில், வேலை உடையோடு நேராக வந்து உட்கார்ந்திருந்த எதிர்முனை அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பினார். “அந்த ரெண்டு விரலையும் பஞ்சுல சுத்தி மாடிக்குத் தூக்கிட்டுப் போனது நான்தான். நாடு மாதிரியும் இல்ல, மொழி மாதிரியும் இல்ல” என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் அதையும் ஒரு விமர்சனப் பார்வையாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

திரும்பும்போது இருவரும் பேருந்தில் ஒன்றாக நின்றுகொண்டு வந்தார்கள். கம்பியைப் பிடிக்க நாலுமடி வலது கையைத் தூக்கினார். பரிசுக் கேடயம் இடது கைக்கு அடியில். எதிர்முனை அம்மா கேடயத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். இறங்கும் இடம் வந்ததும், “நான் கேட்டதுலயே கையில நின்னது அது ஒண்ணுதான்” என்றார். எது என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கட்டிலில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார். அறையில் இரண்டு கட்டில்கள். உடன் தங்கியிருப்பவர் வெளியே போயிருந்தார். போன் அடித்தது. வழக்கம்போல இடது கையில் ஏந்திக்கொண்டார். மனைவி கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தார். கடை பாதிக் கதவு சாத்தியிருந்தது. முன்னால் புத்தகம்; பக்கங்களுக்கு நடுவே அடையாளத்துக்கு மாத்திரை அட்டைகள் செருகியிருந்தன.

படித்து முடித்துவிட்டேன் என்றார். பதினொன்றாம் பக்கத்தில் தப்பு, இருமல் மருந்து அந்த நிறத்தில் இருக்காது. பத்தொன்பதில் ஒரே வார்த்தை இரண்டு தடவை வருகிறது. இருபத்தாறு பரவாயில்லை. முப்பத்து மூன்று புரியவில்லை. புரிய வேண்டும் என்று அவசியமும் தெரியவில்லை. முப்பத்தொன்பது ரொம்ப மெனக்கெட்ட மாதிரி இருக்கிறது. நாற்பத்து நாலு. ஐம்பத்து இரண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மாத்திரை அட்டையை உருவி மேசையில் வைத்தார். நாலுமடி “ம்” கொட்டிக்கொண்டே வந்தார். எல்லா அட்டையும் தீர்ந்தது என்றுதான் நினைத்தார். ஒன்று மீதி இருந்தது.

“முப்பத்தெட்டுல ஒரு தப்பு இருக்கு” என்றார் மனைவி.

அவர் சாய்ந்திருந்த சுவரைவிட்டு நிமிர்ந்தார்.

“சொன்னா மொதல்ல தன்னோட கையைத்தான் பாத்துக்குவான்னு எழுதியிருக்கீங்க. நான் கையைப் பாக்கல. காலண்டரைப் பாத்தேன்.” கடைச் சுவரில் மருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டர் தொங்கியது, அதன் பக்கம் திரும்பியே பேசினார். “நீங்க லீவு இல்லன்னு சொன்ன தேதி, மிஷின் மாத்துறாங்கன்னு சொன்ன தேதி, போனை ஏந்த ஆரம்பிச்ச தேதி. எல்லாத்தையும் குறிச்சுப் பாத்தேன். விரல் ரெண்டுதான். மாசம் பதினாலு. அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியல.”

வாசல் பக்கம் யாரோ வந்து இருமல் மருந்து கேட்டார்கள். பத்து நிமிடம் கழித்து வரச் சொன்னார். மறுபடி திரைக்கு முகத்தைத் திருப்பினார்.

“நீதான் உடைஞ்சதை வாங்கமாட்டேன்னு சொன்னே” என்றார் நாலுமடி. நாற்பத்து ஒன்பது வயது மனிதரின் குரல், பள்ளிக்கூடத்தில் சிலேட்டை உடைத்துவிட்டு வந்த பையனுடையதாக இருந்தது.

“கடையில வந்து பாருங்க. உடைஞ்ச அட்டை, நசுங்கின டப்பா, தினமும் பத்து வருது. திருப்பி அனுப்பினது ஒண்ணு சொல்லுங்க பாப்போம். மருந்து உள்ள நல்லா இருக்கான்னு பாத்துட்டு அலமாரியில அடுக்கிடுவேன்.” கடைசி மாத்திரை அட்டையை உருவிப் புத்தகத்தை மூடினார். “இப்பப் போன் எந்தக் கையில இருக்கு?”

“இடது.”

“ம்” என்றார் மனைவி. கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அவசரமே இல்லாத முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலுமடி போனை வலது கைக்கு மாற்றினார். பிறகு, மறுமுனையில் நிற்பவர் நடந்துவந்து வாங்கிக்கொள்ளும்படி விரிப்பின் முனையை நீட்டுவதுபோல, இடது கையைத் திரைக்கு நேரே நீட்டினார்.